ஏழாவது வளையம்: ஒரு மரவட்டை எப்போது புதிய இனமாகிறது?

2022 ஏப்ரலில் ஒரு மரவட்டை உலகச் செய்தியானது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் காட்டில் கிடைத்த ஒரு புதிய இனத்துக்குப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் பெயரை வைத்திருந்தார்கள்: நன்னாரியா ஸ்விஃப்டியே. நம் நன்னாரி வேருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் தமிழில் இந்தப் பெயரைப் படிக்கிறவருக்குச் சர்பத் ஞாபகம் வராமல் போகாது. பெயர் வைத்தவர் டெரெக் ஹென்னன் என்ற ஆய்வாளர். முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தின் ஏற்ற இறக்கங்களில் ஸ்விஃப்ட்டின் பாட்டுதான் தனக்குத் துணையாக இருந்தது, அதற்கு இது நன்றி என்றார். செய்தித்தாள்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தப் பெயர் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஏறக்குறைய நூறு பக்கம். ஸ்விஃப்டியேவோடு சேர்த்து அதில் 17 புதிய இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு ஹென்னன் தன் மனைவியின் பெயரை வைத்திருக்கிறார்; விவரமான ஆள்தான். இதற்கு முந்தைய ஆண்டு, 2021-இல், ஹென்னனின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகக் குழு இதே பேரினத்தின் (நெருங்கிய இனங்களின் தொகுதி) இன்னொரு பிரிவைப் பற்றி 180 பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. அதில் 35 புதிய இனங்கள். ஆக, இரண்டே கட்டுரைகளில் 52. உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட நாடுகளில் ஒன்றில், சாலை வசதியும் பூங்காக் காவலர்களும் உள்ள அப்பலாச்சிய மலைத்தொடரில், இத்தனை உயிரினங்கள் பெயரில்லாமல் இருந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, நன்னாரியா ஹோக்கி, அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே, குளத்துப் பக்கம் கிடைத்தது. 'ஹோக்கி' என்பது அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்களின் செல்லப்பெயர்.

புதிய இனம் என்றதும் மனிதர் கால்படாத காட்டில் யாரோ ஒருவர் கல்லைப் புரட்டி ஆச்சரியப்படும் காட்சிதான் நம் மனதில் வருகிறது. கல்லைப் புரட்டுவது உண்மைதான். ஆனால் அந்த நிமிடத்தில் கையில் இருப்பது புதிய இனமா, நூறு வருடத்துக்கு முன்பே பெயர் வைக்கப்பட்டதா என்று புரட்டியவருக்கே தெரியாது. மரவட்டை விஷயத்தில் கண்டுபிடிப்பு காட்டில் நடப்பதில்லை. மேசையில், மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே, பல வருடம் கழித்து நடக்கிறது.

அது ஏன் என்று புரிய மரவட்டையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். பூரானுக்கு ஒரு கண்டத்துக்கு, அதாவது உடலின் ஒரு துண்டுக்கு, ஒரு ஜோடிக் கால். மரவட்டைக்கு ஒரு வளையத்துக்கு இரண்டு ஜோடி, ஏனென்றால் இரண்டு கண்டங்கள் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டன. ஆயிரங்கால் பூச்சி என்ற பெயர் ரொம்ப நாள் வெறும் மிகைதான்; 2021-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில், நிலத்துக்கு 60 மீட்டர் கீழே ஒரு துளைக்குழியில் கிடைத்த யூமிலிப்பஸ் பெர்சிஃபோனி என்ற இனத்துக்குத்தான் முதல்முறையாக உண்மையிலேயே ஆயிரத்தைத் தாண்டி 1,306 கால்கள் எண்ணப்பட்டன. நன்னாரியாவுக்கு அவ்வளவெல்லாம் இல்லை. அது தட்டை முதுகு மரவட்டை வரிசையைச் சேர்ந்தது; கண் கிடையாது, உடலில் 20 வளையங்கள். முதல் வளையத்தில் கால் இல்லை, அடுத்த மூன்றில் ஒவ்வொரு ஜோடி, ஐந்தாவதிலிருந்து இரண்டிரண்டு ஜோடி, கடைசி இரண்டில் மறுபடி ஒன்றுமில்லை. கூட்டினால் 31 ஜோடி வரும். பெண்ணுக்குச் சரியாக 31. ஆணுக்கு 30.

குறையும் அந்த ஒரு ஜோடியில்தான் விஷயமே இருக்கிறது. ஆண் வளர்ந்து பருவமடையும்போது ஏழாவது வளையத்தின் முன் ஜோடிக் கால்கள் நடக்கும் வேலையை விட்டுவிட்டு, விந்தைப் பெண்ணிடம் சேர்க்கும் கருவியாக உருமாறிவிடுகின்றன. கோனோபாட் என்பார்கள். விந்து வெளிவரும் துளையோ இரண்டாவது ஜோடிக் காலருகே இருக்கிறது. அதனால் ஆண் முதலில் தன் உடலை வளைத்து அங்கிருந்து இங்கே மாற்றிக்கொண்டு, பிறகு பெண்ணைத் தேட வேண்டும். சுற்றி வளைத்த ஏற்பாடு. ஆனால் வகைப்பாட்டு அறிஞர்களுக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது. அக்கம்பக்கத்து இனங்கள் உடலளவில் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தாலும் இந்தக் கால்களின் வடிவம் மட்டும் இனத்துக்கு இனம் மாறுகிறது. ஒன்றில் கொக்கி, ஒன்றில் அரிவாள் வளைவு, இன்னொன்றில் நுனியில் சின்னதாக ஒரு பல். பூட்டும் சாவியும் போலப் பொருந்துவதற்காக இப்படி ஆனது என்பது பழைய விளக்கம். பெண்ணின் தேர்வும் காரணமாக இருக்கலாம் என்கிறவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும், மரவட்டையை அடையாளம் காண்பவர் முதலில் பார்ப்பது தலையை அல்ல, ஏழாவது வளையத்தின் அடிப்பக்கத்தை.

இதன் விளைவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் முழுக்க மழையில் நனைந்து சேகரித்ததெல்லாம் பெண்ணாகவோ குஞ்சாகவோ இருந்துவிட்டால், பல இனங்களில் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குப்பியில் 'இன்ன பேரினம், இனம் தெரியவில்லை' என்று எழுதி அலமாரியில் வைக்க வேண்டியதுதான். இப்போது டிஎன்ஏ ஒப்பீடு வந்ததால் பெண்களையும் அவற்றுக்குரிய ஆண்களோடு சேர்க்க முடிகிறது. ஆனாலும் இனத்தை விவரிக்கும் பக்கங்களில் இன்றும் பெரும்பகுதி கோனோபாடுக்குத்தான்.

சரி, நிறத்தை வைத்துச் சொல்லக் கூடாதா? நன்னாரியா பார்க்க அழகானது. இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் நீளம், பளபளக்கும் பழுப்பு அல்லது கறுப்பு உடல், ஓரங்களில் வெள்ளை, சிவப்பு அல்லது ஆரஞ்சுப் புள்ளிகள், வெள்ளைக் கால்கள். அதன் குடும்பத்து மரவட்டைகள் பலவும் இப்படிப் பளிச்சென்றுதான் இருக்கின்றன. தொந்தரவு செய்தால் ஹைட்ரஜன் சயனைடு வெளியிடுபவை அவை. கூடவே வருகிற பென்சால்டிஹைடால் வாதுமைக் கொட்டை வாசனை அடிக்கும். நிறம் என்பது 'என்னைத் தின்னாதே' என்று பறவைக்கு எழுதி வைத்த பலகை. பலகை எல்லாருடையதும் ஒன்றுபோல இருந்தால் பறவை சீக்கிரம் பாடம் படிக்கும். அதனால் ஒரே மலைச்சரிவில் வாழும் வெவ்வேறு இனங்கள் ஒரே நிறத்துக்கு வந்துவிடுகின்றன. பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போனால் அதே இனங்கள் எல்லாம் சேர்ந்து வேறொரு நிறத்தில் இருக்கும். அப்பலாச்சிய மலைகளில் இப்படி ஒரு வேடப் பரிமாற்றம் நடப்பதைப் பால் மாரெக், ஜேசன் பாண்ட் என்ற ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். 2018-இல் மாரெக் குழு விவரித்த ஓர் இனத்துக்கு அபெலோரியா பாலிக்ரோமா என்றே பெயர். 'பலநிறத்தது' என்று பொருள். ஓரினத்துக்குள்ளேயே அத்தனை நிற வேறுபாடு. நிறத்தை நம்பியவர் ஒரே இனத்தை ஆறாகப் பிரிப்பார், ஆறு இனங்களை ஒன்றாகச் சேர்ப்பார். இரண்டு தவறுமே கடந்த காலத்தில் நடந்திருக்கின்றன.

இத்தனை இனங்கள் மலைக்காட்டில் குவிந்து கிடப்பதற்குக் காரணம் மரவட்டையின் தோலில் இருக்கிறது. பூச்சிகளுக்கு இருப்பது போல ஈரத்தைத் தக்கவைக்கும் நல்ல மெழுகுப் பூச்சு மரவட்டைக்கு இல்லை. மூச்சுத் துளைகளை இறுக மூடிக்கொள்ளும் வசதியும் இல்லை. வெயிலில் சிறிது நேரம் இருந்தாலே வற்றிவிடும். ஆகவே சருகுக்கு அடியில், மட்கிய கட்டைக்குள், பாறை இடுக்கில் வாழ்க்கை. பறக்காது, வேகமாக ஓடாது. மலைமேல் குளிர்ந்த ஈரக்காட்டில் இருக்கும் கூட்டத்துக்குக் கீழே இருக்கும் வறண்ட சமவெளி கடல் மாதிரி. எதிர்மலை கண்ணுக்குத் தெரியும், போய்ச் சேர முடியாது. இப்படி லட்சக்கணக்கான வருடம் பிரிந்து கிடந்தால் ஒவ்வொரு மலையும் தனக்கென்று ஓர் இனத்தை வைத்திருக்கும். தென் அப்பலாச்சியாவுக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. கடைசிப் பனியுகத்தில் வடக்கிலிருந்து வந்த பனிப்பாளங்கள் அந்தத் தெற்கு மலைகள் வரை வரவில்லை. வடக்கே மண்ணோடு எல்லாம் வழிக்கப்பட்டபோது இங்கே பழைய ஈரக்காடு தொடர்ந்தது.

டான்சானியாவின் உட்சுங்வா மலைகளிலும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துக்கு நடுவே தீவுகள் போல நிற்கும் பழங்கால மலைத்தொடர் அது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் எங்கோஃப் 2014 முதல் அங்கத்திய மரவட்டைகளை மட்டுமே வைத்துத் தொடராகக் கட்டுரைகள் எழுதிவருகிறார். 2024-இல் அங்கிருந்தும் அதன் அடிவாரத்துக் காட்டிலிருந்தும் ஐந்து புதிய இனங்களும் ஒரு புதிய பேரினமும் விவரிக்கப்பட்டன. அவற்றைச் சேகரித்தவர்கள் மரவட்டை தேடிப் போனவர்கள் அல்ல. மரங்களை மூடிப் படரும் கொடிகள் காட்டின் மீட்சியை எப்படிப் பாதிக்கின்றன என்று பார்க்கப் போனவர்கள். மீட்சியை அளக்க ஓர் அளவுகோலாக மரவட்டைகளைப் பொறுக்கினார்கள். இந்தத் துறையில் இப்படித்தான். வேறு எதற்கோ போனவர் எடுத்துவந்த குப்பி, பார்க்கத் தெரிந்த ஒருவரின் மேசைக்கு வரும்போதுதான் புதியது என்று தெரிகிறது.

அந்த மேசைக்கு வர எவ்வளவு நாளாகும்? எல்லா வகை உயிரினங்களையும் சேர்த்து 2012-இல் செய்த ஒரு கணக்கில், ஒரு புதிய இனத்தின் மாதிரி முதன்முதலாகச் சேகரிக்கப்பட்டதற்கும் பெயரோடு அச்சில் வருவதற்கும் இடையே சராசரியாக 21 வருடம் என்று வந்தது. அலமாரியில் 21 வருடம். அதற்குள் சேகரித்தவர் ஓய்வு பெற்றிருப்பார். சில நேரம் காடே இருக்காது. நன்னாரியா ஆய்வில் பார்க்கப்பட்ட 1,800-க்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஒரு பகுதிதான் குழு 17 மாநிலங்களில் சருகு கிளறிச் சேர்த்தது. மற்றவை பல்கலைக்கழகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் காத்துக்கிடந்தவை. வர்ஜீனியாவில் ரிச்சர்ட் ஹாஃப்மன் என்று ஒருவர் இருந்தார். 1927-இல் பிறந்து 2012-இல் மறைந்தார். நானூறுக்கும் மேற்பட்ட மரவட்டை இனங்களை விவரித்தவர். உலகில் 80,000 மரவட்டை இனங்கள் இருக்கலாம் என்று 1980-இல் கணக்குச் சொன்னவரும் அவர்தான். இன்றுவரை பெயர் வைத்து முடித்தது சுமார் 12,000. ஓர் ஆயுள் முழுக்க உழைத்த ஒருவர் நானூறு. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இனி மேசையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எத்தில் ஆல்கஹாலில் ஊறிய உடலிலிருந்து கோனோபாடை நுண்ணிய இடுக்கியால் கழற்றுகிறார்கள். முன்பெல்லாம் கண்ணாடி வழியே பார்த்துப் பேனாவால் வரைந்தார்கள். பிறகு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்தது. தட்டை முதுகு மரவட்டைகள் பல, புறஊதா ஒளி பட்டால் நீலமும் பச்சையுமாக மிளிரும். அந்த வெளிச்சத்தில் படமெடுத்தால் சாதாரண ஒளியில் மங்கிக் கிடக்கும் மடிப்புகள் தெளிவாகத் தெரிகின்றன. இரவில் காட்டில் புறஊதா டார்ச் அடித்துத் தேடுவதற்கும் இதே குணம்தான் உதவுகிறது. நன்னாரியாவில் இன்னொரு வேடிக்கையான அடையாளமும் உண்டு: ஆணின் முன்கால் நகங்கள் முறுக்கித் தட்டையாக இருக்கும். 'முறுக்கு நக மரவட்டை' என்ற பெயர் அதனால்தான்.

படம் எடுத்த பிறகுதான் கஷ்டமான பகுதி. இதே பேரினத்தில் இதற்கு முன் யார் யார் எந்தெந்த மொழியில் எதையெல்லாம் விவரித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடி ஒப்பிட வேண்டும். நன்னாரியா என்ற பேரினத்தை 1918-இல் உருவாக்கியவர் ரால்ஃப் சேம்பர்லின். நூறு வருடத்துக் கட்டுரைகள், நாலு வரி விவரணை, சில நேரம் ஒரு கோட்டுப் படம். அந்தக் கோட்டுப் படத்தை நம்பாமல் மூல மாதிரியையே பார்க்க வேண்டியிருக்கும்.

மூல மாதிரி என்பது பெயரின் நங்கூரம். ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரே ஒரு உடலைத் தேர்ந்து 'இந்தப் பெயர் இதற்குத்தான்' என்று அறிவித்து ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கிறார்கள். ஹோலோடைப் என்பது அதுதான். மரவட்டையில் அது எப்போதும் போல ஓர் ஆணாக இருப்பதே வசதி. நாளைக்கு இந்த இனம் இரண்டு இனம் என்று யாராவது நிரூபித்தால், பழைய பெயர் எதற்குச் சொந்தம் என்பதை அந்தக் குப்பியில் இருக்கும் உடல்தான் தீர்மானிக்கும். கூடவே சின்னத் தாளில் இடம், ஆயத்தொலைகள், தேதி, எடுத்தவர், எந்த மரத்தடி என்பதெல்லாம் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட்டுவைப்பார்கள். வெளியே ஒட்டினால் உரிந்துவிடும். தாள் தொலைந்த மாதிரி வெறும் செத்த மரவட்டைதான்.

பெயரின் வால்கூடச் சும்மா இல்லை. பெண்ணைக் கௌரவித்தால் '-ஏ' என்று வரும் லத்தீன் வேற்றுமை விகுதி, ஆணென்றால் '-இ'. எனவே ஸ்விஃப்ட் 'ஸ்விஃப்டியே' ஆனார். பிரபலத்தின் பெயரை வைப்பது விளம்பரத்துக்காக என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. மீதி 16 இனங்களும் அந்த ஒரு பெயரின் புண்ணியத்தில் ஒரு வரியாவது செய்தியில் வந்தன.

பெயர் வருவதால் மரவட்டைக்கு என்ன லாபம் என்றும் கேட்கலாம். சருகை மென்று மண்ணாக்கும் வேலையை அது பெயரில்லாமலும் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நடு அப்பலாச்சியாவில் நிலக்கரிக்காக மலையுச்சியையே வெடிவைத்துத் தகர்க்கும் சுரங்கங்கள் இருக்கின்றன. ஒரு மலையோடு முடிந்துபோகும் இனம் அந்த மலையோடு போய்விடும். போனது என்று ஆவணத்தில் எழுதக்கூட ஒரு பெயர் வேண்டும். பாதுகாப்புப் பட்டியல் எதிலும் 'பெயர் தெரியாத பழுப்பு மரவட்டை' என்று சேர்க்க முடியாது.

எண்ணிக்கையில் குறைவான ஜீவன்கள் என்று நினைத்துவிடவும் கூடாது. ஜப்பானின் நடு ஹோன்ஷு மலைகளில் நன்னாரியாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரவட்டை இருக்கிறது. எட்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் பருவமடைந்து கூட்டம் கூட்டமாக வெளியே வரும். தண்டவாளத்தில் நசுங்கிச் சக்கரம் வழுக்கி ரயில்கள் நின்றிருக்கின்றன. அங்கே அதற்குப் பெயரே ரயில் மரவட்டை. நம் ஊர்ப் பிள்ளைகள் அது ஊர்ந்துபோகும் அழகைப் பார்த்து ரயில் பூச்சி என்கிறார்கள். ஜப்பானியர்களுக்கு ரயிலை நிறுத்திய பூச்சி, நமக்கு ரயில் போலப் போகும் பூச்சி.

நம் ஊர் என்றதும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வராமல் இருக்க முடியாது. மழைக்காலத்தில் வீட்டுச் சுவரேறும் உருண்டை உடல் மரவட்டையைச் சிறுவயதில் தொட்டுச் சுருள வைத்தவர்களுக்கு விரலில் பழுப்பாக ஒட்டிய கறை ஞாபகம் இருக்கும். அது சயனைடு இல்லை, பென்சோகுயினோன் என்ற வேறு ரசாயனம். சோப்புப் போட்டாலும் போகாது, நாளாக நாளாகத்தான் மங்கும். மலைக்கு மேலே போனால் ஆர்த்ரோஸ்ஃபேரா என்ற இன்னொரு பேரினம். தொட்டால் கோலிக்குண்டு போல முழு உருண்டையாகிவிடும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அதன் நெருங்கிய உறவுக்காரன் மடகாஸ்கரில் இருக்கிறது, அதுவும் அந்தத் தீவின் மற்ற உருண்டை மரவட்டைகளைவிட நம்முடையதற்கே நெருக்கமாக. கடலை நீந்திக் கடக்கும் பிராணி இல்லை இது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்து, சுமார் 8.8 கோடி வருடங்களுக்கு முன் பிரிந்தன என்ற நிலவியல் கணக்கோடுதான் இந்த உறவு பொருந்துகிறது.

இங்கத்திய மரவட்டைகளைப் பெரிய அளவில் முதலில் விவரித்தவர்களில் ஒருவர் யோஹான் கார்ல், ஜெனீவா அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர். 1926-27 குளிர்காலத்தில் எஷர் என்ற துணையோடு வந்து நீலகிரி, பழனி, ஆனைமலை என்று ஏறிச் சருகு கிளறினார். தட்டை முதுகு மரவட்டைகளைப் பற்றிய முதல் பாகம் 1932-இல் வந்தது. இரண்டாம் பாகத்துக்கு 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 21 வருடச் சராசரிக்கு இது பரவாயில்லை. இரண்டுமே ஜெர்மன் மொழியில். ஆகவே இன்றைக்கு ஒரு மாணவர் கொடைக்கானல் சோலையில் மட்கிய கட்டையைப் புரட்டி ஓர் ஆண் மரவட்டையை எடுத்து, ஏழாவது வளையத்தைப் பார்த்து இது புதியதாக இருக்குமோ என்று நினைத்தால், அவர் செய்ய வேண்டிய அடுத்த வேலை காட்டில் இல்லை. கார்லின் ஜெர்மன் வரிகளைப் படித்து முடித்து, ஜெனீவாவுக்கு எழுதி, ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன் அதே பழனி மலையிலிருந்து போன குப்பியைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.